பேட்டரி மூடியைத் திறக்கும் முன்

டைவ் கம்ப்யூட்டரின் திரையோரத்தில் பேட்டரிச் சின்னம் மினுங்கத் தொடங்கியதும் பலருடைய கை முதலில் தேடுவது ஒரு ரூபாய் நாணயத்தைத்தான். மூடியைத் திருகு, பழைய செல்லை எடு, புதியதைப் போடு. டி.வி. ரிமோட்டுக்கு இது போதும். டைவ் கம்ப்யூட்டருக்குப் போதாது.

முதல் காரணம் உங்கள் உடல் சம்பந்தப்பட்டது. அந்தக் கருவிக்குள் நேரமும் ஆழமும் மட்டும் பதிவாகவில்லை. நேற்றும் இன்றும் இறங்கிய டைவ்களில் உங்கள் உடலில் கரைந்து இன்னும் வெளியேறாமல் இருக்கும் நைட்ரஜனின் கணக்கும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாடல்களில் செல்லைக் கழற்றியதுமே அந்தக் கணக்கு அழிந்துவிடும். கணக்கு அழிந்தாலும் நைட்ரஜன் உடலிலேயேதான் இருக்கும். இரண்டாவது காரணம் கருவி சம்பந்தப்பட்டது. மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஓ-ரிங்தான் கடலை வெளியே நிறுத்துகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் தடுப்பைக் கலைத்துவிட்டு மறுபடி அமைக்கிறீர்கள். செல் தீர்ந்துபோன கருவி புதிய செல்லால் பிழைத்துக்கொள்ளும். மூடியைச் சரியாக மூடாததால் உப்புநீர் குடித்த கருவி பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே இந்த அத்தியாயத்தில் திறப்பது கடைசி வேலை.

இங்கே பேசுவது முக்கியமாக, செல்லை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய மணிக்கட்டுக் கருவிகளைப் பற்றி: சுன்டோ ஸூப், மாரெஸ் பக், கிரெஸ்ஸி லியோனார்டோ போன்றவை. சார்ஜ் செய்யும் வகைகள் கடைசியில் வருகின்றன.

பயணத்தின் நடுவே சின்னம் தெரிந்தால்

பல கருவிகள் இரண்டு கட்டமாக எச்சரிக்கின்றன. முதல் கட்டத்தில் சின்னம் மட்டும் தெரியும், கருவி ஓடும். சில மாடல்கள் இந்தக் கட்டத்திலேயே மின்சாரத்தை மிச்சம் பிடிக்க பேக்லைட்டை நிறுத்திவிடும். அதனால் "லைட் எரியல" என்ற புகாரோடு வரும் கருவியில் முதலில் பேட்டரி நிலையைப் பாருங்கள். அடுத்த கட்டத்தில் கருவி டைவ் மோடுக்கே போக மறுக்கும்.

காலையில் சின்னம் தெரிந்தால் அந்தக் கருவியை நம்பி அன்று இறங்கக் கூடாது. "இன்னும் ஒரு டைவ் தாங்கும்" என்று படகில் யாராவது சொல்வார்கள். அவர் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு இறங்கப்போவது அவரல்ல. மேலே சும்மா இருக்கும்போது கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. தண்ணீருக்குள் அது விடாமல் அழுத்தத்தை அளக்கிறது, கணக்குப் போடுகிறது, அலாரம் அடிக்கிறது, பேக்லைட்டை எரிக்கிறது. தளர்ந்துபோன செல் சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். சுமை ஏறியதும் சரியும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கருவி காலையில் சின்னம் காட்டும். படகுத் தளத்தின் வெயிலில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சின்னம் காணாமல் போயிருக்கும். செல் தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். லித்தியம் செல்லின் உள் மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும், அவ்வளவுதான். ஆழத்தில் குளிர்ந்த நீரடுக்கு ஒன்றைக் கடக்கும்போது அதே சின்னம் திரும்பி வரும். அப்போது நீங்கள் 25 மீட்டரில் இருப்பீர்கள்.

சரி, உடனே மாற்றிவிடலாமா? இங்கேதான் நைட்ரஜன் கணக்கு குறுக்கே வருகிறது. நேற்று மூன்று டைவ் முடித்த உங்களை, புதுச் செல் போட்ட கருவி கடலையே பார்க்காத ஆளாக எடுத்துக்கொள்ளும். அடுத்த டைவில் அது அனுமதிக்கும் நேரம் உங்கள் உடலுக்கு உண்மையில் பாதுகாப்பான நேரத்தைவிட நீளமாக இருக்கும். செல்லைச் சீக்கிரம் மாற்றினால் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்பது கையேட்டில் இருக்கும். கையேடு கையில் இல்லை என்றால் அழியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி டைவிலிருந்து 24 மணி நேரம் கடலுக்குள் இறங்காமல் இருந்துவிட்டு மாற்றுவதுதான் நேர்வழி. எல்லா டைவிலும் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றையும் சேர்த்துக் கட்டியிருந்தால் அதைக்கொண்டு தொடரலாம். கடையில் வாடகைக்கு எடுக்கும் கருவி தீர்வாகாது. அதற்கும் உங்கள் நேற்றைய கதை தெரியாது.

செல்லைக் கழற்றும் முன் லாக்புக்கில் ஒரு வரி எழுதுங்கள்: கடைசியாக மேலே வந்த தேதி, நேரம். புதிய செல்லோடு எழுந்த கருவி விமானத் தடைச் சின்னத்தைக் காட்டாது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, டெகோ (மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம்) தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவிங்குக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. டெகோ டைவ் என்றால் 18ஐவிட நன்றாகவே கூட வேண்டும். அந்தமானிலிருந்து மறுநாள் காலை விமானத்தைப் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் வைத்திருப்பது நல்லது.

திரை தண்ணீருக்குள்ளேயே அணைந்துவிட்டால் அந்த டைவ் அத்தோடு முடிந்தது. துணை டைவருக்குச் சைகை காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுங்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 முதல் 5 நிமிடம் நில்லுங்கள். காற்று தாராளமாக இருந்தால் இன்னும் நிற்பதில் தவறில்லை. ஆழத்தையும் நேரத்தையும் துணை டைவரின் கருவியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஓடும் நைட்ரஜன் கணக்கு அவருடையது. அவர் இரண்டு மீட்டர் மேலே மிதந்து படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் பாறை இடுக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். மேலே வந்த பிறகு 24 மணி நேரம் இறங்க வேண்டாம்.

மின்சாரத்தைக் குடிப்பது யார்?

செல்லை மாற்றிய சில வாரங்களில் மறுபடி சின்னம் வந்தால், மூன்றாவது செல்லை வாங்குவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். சிஆர்2450 வகை வட்டச் செல்லின் கொள்ளளவு சுமார் 600 மில்லியாம்பியர்-மணி. சும்மா வைத்திருந்தால் அது தானாக இழப்பது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். உறங்கும் கருவி 10 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் அந்தச் செல் 60,000 மணி நேரம், அதாவது ஆறரை ஆண்டுக்கு மேல் வரவேண்டும். அதே கருவி உறங்காமல் ஒரு மில்லியாம்பியர் இழுத்தால் 600 மணி நேரத்தில், 25 நாளில் காலி. ஆக, செல் அடிக்கடி தீர்ந்தால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கருவி ஏன் தூங்கவில்லை?

முதல் சந்தேகம் தண்ணீரை உணரும் உலோகப் புள்ளிகள்மேல். கருவியின் ஓரத்திலோ முதுகிலோ இரண்டு மூன்று சிறு உலோகப் பொட்டுகள் இருக்கும். சில மாடல்களில் பொத்தான்களே அந்த வேலையைச் செய்யும். அவற்றுக்கு நடுவே தண்ணீர் பட்டு மின்சாரம் ஓடினால் கருவி தானாக விழித்துக்கொள்ளும். டைவர் மறந்தாலும் கருவி மறக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் உப்புப் படலம், சன்ஸ்கிரீன் பசை, காய்ந்த சுண்ணாம்பு எது படிந்தாலும், அது கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சினாலே போதும். கருவி தான் கடலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சுன்டோவின் பழைய மாடல்களில் இந்தப் புள்ளிகள் விழித்திருந்தால் திரையில் 'ஏசி' என்ற எழுத்துகள் தெரியும். கருவி காய்ந்து அலமாரியில் இருக்கும்போதும் அது தெரிந்தால் திருடன் பிடிபட்டான்.

சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் மெத்தென்ற பழைய டூத்பிரஷும் போதும். வெள்ளையாகக் கெட்டித்துப்போன படிவுக்கு, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் துணியை நனைத்துச் சற்று நேரம் ஒற்றிவைத்து, பிறகு நன்றாகக் கழுவுங்கள். பிளேடால் சுரண்டாதீர்கள். அசிட்டோன், பெயின்ட் தின்னர், துருநீக்கி ஸ்பிரே எதையும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

படகில் வைத்திருக்கும் கழுவும் தொட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் அது நல்ல தண்ணீர். எல்லாருடைய ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் முங்கி எழுந்த பிறகு மாலையில் அது இளம் உப்புநீர். அதில் கருவியை இரவு முழுக்க ஊறப்போட்டால் இரவு முழுக்க அது விழித்திருக்கும். ஈரமான வலைப்பைக்குள் வெட்சூட்டோடு சுருட்டி வைத்தாலும் இதே கதைதான். அறைக்குப் போனதும் குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பொத்தான்களை நீருக்குள் அழுத்தாமல் அலசி, துடைத்து, நிழலில் தனியாக உலரவிடுங்கள்.

அடுத்த சந்தேகம் பொத்தான்கள். உப்பு இறுகி ஒரு பொத்தான் அழுந்தியபடியே நின்றால் பேக்லைட் திரும்பத் திரும்ப எரியும், அல்லது கருவி உறக்க நிலைக்கே போகாது. ஒவ்வொரு பொத்தானும் அழுத்தியதும் துள்ளி வெளியே வருகிறதா என்று விரலால் பாருங்கள். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் விடும். பிறகு செட்டிங்ஸ்: பேக்லைட் எத்தனை நொடி எரிகிறது, புளூடூத் எப்போதும் திறந்திருக்கிறதா, சிலிண்டர் அழுத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இல்லாதபோதும் கருவி அதைத் தேடிக்கொண்டிருக்கிறதா? வெப்பக் கடலில், பகல் வெளிச்சத்தில் இறங்குபவருக்குப் பேக்லைட் நீண்ட நேரம் எரியவேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

இத்தனையும் சரியாக இருந்தும் செல் தீர்ந்துகொண்டே இருந்தால், உள்ளே ஈரமோ அரிப்போ சர்க்யூட்டில் கசிவுப் பாதை போட்டிருக்கலாம். அது வீட்டில் தீர்க்கும் விஷயமல்ல, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: செல் புதிது, ஆனால் பேக்லைட் பொத்தானை அழுத்தினாலோ அலாரம் அடித்தாலோ கருவி ஒரு கணம் அணைந்து மறுபடி எழுகிறது. ஒன்று, அந்தச் செல் பெயருக்குத்தான் புதிது. இல்லாவிட்டால் செல்லைத் தொடும் உலோகத் தகடு தளர்ந்தோ கறுத்தோ இருக்கிறது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செல்லைத் தனியே அளந்துவிட்டு "3 வோல்ட் காட்டுது, செல் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டுவது வழக்கம். லித்தியம் செல் தன் ஆயுளின் பெரும்பகுதிக்கு ஏறக்குறைய அதே வோல்டேஜையே காட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில்தான் சரியும். அதனால் சுமை இல்லாமல் அளந்த எண் அதிகம் சொல்லாது. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முகத்துக்கும் நடுவே சில நொடி பிடித்தபடி அளந்து பாருங்கள். நல்ல செல்லில் எண் சற்றே இறங்கி நின்றுவிடும். களைத்த செல்லில் இறங்கிக்கொண்டே போகும்.

செல் வாங்கும்போது

செல்லின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிலேயே பாதி விவரம் இருக்கிறது. 'சி' என்பது லித்தியம்-மாங்கனீஸ் டைஆக்சைடு வேதியியலையும், 'ஆர்' வட்ட வடிவத்தையும் குறிக்கும். 2450 என்றால் விட்டம் 24 மில்லிமீட்டர் அளவில், தடிமன் 5.0 மில்லிமீட்டர். 2430 என்றால் அதே அகலத்தில் 3.0 மில்லிமீட்டர். 2032 சிறியது, கொள்ளளவும் 2450இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கடைக்காரர் 2430ஐ நீட்டி, அடியில் மடித்த அலுமினியத் தாள் வைத்தால் 2450க்குப் பதிலாக உட்காரும் என்பார். டார்ச்சுக்கு அந்த யோசனை சரி. கடலுக்கடியில் கையை ஆட்டும்போது தாள் நகர்ந்தால் திரை அணையும்.

எல்ஐஆர்2450 என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். பார்க்க அச்சு அசலாக இருக்கும் அது சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம்-அயான் செல். முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்கு வடிவமைத்த கருவியைச் சுட்டுவிடலாம். எண்ணின் முடிவில் 'என்' சேர்ந்த 2450என் வகையின் விளிம்பு சற்றே வேறு வடிவம். சில கருவிகளில் பொருந்தும், சிலவற்றில் பக்கவாட்டுத் தொடர்பு கிடைக்காது.

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் வாட்ச் கடையிலோ டப்பாவில் குவித்து வைத்த உதிரி செல்கள் விலை மலிவுதான். ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும் செல்கள் தங்களுக்குள்ளேயே கொஞ்சம் தீர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிக் குமிழுக்குள் அடைத்த, தேதி போட்ட அட்டையை வாங்குங்கள். அதைவிட நல்லது, கருவித் தயாரிப்பாளர் விற்கும் பேட்டரி கிட். அதில் செல்லோடு புதிய ஓ-ரிங்கும் இருக்கும். விலை கூடுதலாகத் தோன்றும். நீங்கள் காசு கொடுப்பது ஓ-ரிங்குக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பது

கடற்கரைக் குடிசையின் திண்ணை இதற்கான இடமல்ல. காற்றில் மணல் இருக்கும். ஈரக்காற்று வீசும்போதும் வேண்டாம். உள்ளே அடைபடும் ஈரம் பிறகு குளிர்ந்த நீரில் கண்ணாடிக்கு உட்புறம் பனியாகப் படியும். கருவியை முந்தின நாளே கழுவி முழுக்க உலர்த்திவையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெளிர் நிறத் துணி விரித்த மேசை, நல்ல விளக்கு, ஈரமில்லாத கை. துவாலையைத் தவிருங்கள், அதன் நூல்பிசிறு ஓ-ரிங்கின்மேல்தான் வந்து உட்காரும்.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் காய்ந்த உப்பும் மணலும் இருக்கும். திறந்த பிறகு துடைத்தால் அது உள்ளே விழும். ஆகவே திறக்கும் முன்பே பிரஷால் தட்டிவிடுங்கள். மூடியும் உடலும் சந்திக்கும் இடத்தில் அடையாளக் கோடுகள் இருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடும்போது உதவும். நாணயத்தால் திறக்கும் வகையில் பள்ளத்தை முழுக்க நிரப்பும் நாணயமாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை பிளாஸ்டிக்கைக் கிழிக்கும்.

செல்லை எடுக்கும் முன் எந்த முகம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூட்டல் குறி மூடிப் பக்கம் பார்த்திருக்கும், ஆனால் ஊகத்தை நம்ப வேண்டாம். உலோகச் சாமணத்தால் இரு முகத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் சாமணமோ விரலோ நல்லது. புதுச் செல்லை உலர்ந்த துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வையுங்கள். தொடும் தகடுகளை வளைத்து 'டைட்' பண்ண வேண்டாம்.

இனி ஓ-ரிங். ஊசி, சேப்டி பின், கத்தி முனை எதுவும் வேண்டாம். பள்ளத்தில் விழும் ஒரு மெல்லிய கீறல் போதும், எத்தனை புது வளையம் போட்டாலும் அந்த இடத்தில் கசியும். வளையத்தை இரு விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினால் ஒரு சிறு வளைவு எழும். பழைய ஏடிஎம் கார்டின் மூலையால் அதைத் தூக்கிவிடலாம். தட்டையாகிவிட்டதா, வெடித்திருக்கிறதா, மினுமினுப்பு போய்விட்டதா என்று பாருங்கள். உண்மையில் பார்ப்பதுகூட அதிகம். செல் மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கும் மாற வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கிரீஸ் விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து திட்டுத்திட்டாகும், நாளடைவில் சிக்குப்பிடித்துத் தூசியை இழுக்கும். வாசலினும் வேண்டாம். கறுப்பு நைட்ரைல் வளையமாக இருந்து, தயாரிப்பாளர் கிரீஸ் போடச் சொல்லியிருந்தால் சிலிகோன் கிரீஸ் துளியளவு. வளையம் ஈரமாக மின்னினால் போதும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். வளையமே சிலிகோன் ரப்பராக இருந்தால் சிலிகோன் கிரீஸ் அதை ஊதச் செய்துவிடும். சில மாடல்களின் வளையங்களைக் காய்ந்தபடியே போட வேண்டும். கிட்டில் கிரீஸ் இல்லை என்றால் தயாரிப்பாளர் மறந்துவிட்டார் என்று பொருளல்ல. கிரீஸின் வேலை வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுவது. நீரைத் தடுப்பது ரப்பர்தான்.

மூடியை அழுத்திச் சமமாகத் திருப்புங்கள். கோடுகள் சந்தித்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் மூடியின் பிளாஸ்டிக் பற்கள் உடையும், அடைப்பு ஒன்றும் கூடாது.

மாற்றிய பிறகு

திரை வராவிட்டால் பதற்றப்பட வேண்டாம். செல்லை எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பல நேரம் அதுவே போதும். இல்லாவிட்டால் கூட்டல்-கழித்தல் முகம், செல்லின் தடிமன், தகட்டின் கறுப்பு, இந்த வரிசையில் பாருங்கள்.

திரை வந்ததும் எல்லாரும் நேரத்தையும் தேதியையும் சரிசெய்வார்கள். அதைவிட முக்கியமானது ஆக்சிஜன் சதவீதம். செல் போனதும் பல கருவிகள் சாதாரணக் காற்று, அதாவது 21 சதவீதம் என்ற இருப்புக்குத் திரும்பிவிடும். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் சிலிண்டரோடு இறங்குபவரின் கருவி காற்று என்று நினைத்தால் ஆக்சிஜன் அளவு மீறும்போது எச்சரிக்காது. கூடவே மீட்டரா அடியா, கடல்நீரா நன்னீரா, நீங்கள் வைத்திருந்த பாதுகாப்பு நிலை, உயர அமைப்பு எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

கசிவுச் சோதனைக்கு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உள்ளே அடைபட்ட காற்று லேசாக விரியும்; மூடி விளிம்பிலிருந்து ஒரே இடத்தில் குமிழி வரிசையாக வந்தால் உடனே எடுத்துத் துடைத்துத் திறங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். இந்தச் சோதனை எளிமையானது என்பதற்காக அலட்சியம் செய்ய வேண்டாம். ஓ-ரிங் பிரஷர் குக்கர் கேஸ்கெட் போல. அழுத்தம் ஏற ஏறத்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் சரியாக உட்காராத வளையம் பல நேரம் 30 மீட்டரில் அல்ல, கழுவும் தொட்டியிலும் முதல் ஒரு மீட்டரிலும்தான் கசிகிறது. கிண்ணத்தில் தேறியது ஆழத்தில் தேறும் என்று உத்தரவாதமும் இல்லை. அழுத்தப் பானை வைத்திருக்கும் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தால் சோதித்து வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் டைவை ஆழமில்லாததாக, மாற்றுக் கருவியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகுந்திருந்தால்

செல் உள்ளே இருக்கும்வரை உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்து செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். நிமிடங்களில் செல்லை வெளியே எடுங்கள். அறையை டிஸ்டில்டு வாட்டரால் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் உள்ளே இருக்கும் உலோகத்தை ஒற்றி, திறந்தபடியே உலரவிடுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு வெளியேறாது. அரிசி மாவுதான் உள்ளே போகும். சில மாடல்களில் செல் அறை சர்க்யூட்டிலிருந்து தனியே அடைக்கப்பட்டிருக்கும், அவை பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. பச்சை நிற அரிப்பு சர்க்யூட் வரை போயிருந்தால், திரை திரும்ப எரிந்தாலும் அதன் ஆழ அளவை நம்பி இறங்காதீர்கள்.

சார்ஜ் ஆகும் கருவிகளும் டிரான்ஸ்மிட்டரும்

சுன்டோ டி5, கார்மின் டிசென்ட், ஷியர்வாட்டர் டெரிக் போன்றவற்றில் திறக்கும் தொல்லை இல்லை, சார்ஜ் செய்யும் தொல்லை உண்டு. உலோக முனைகள்வழி சார்ஜ் ஆகும் வகையில் ஈரத்தோடு கிளிப்பை மாட்டினால் முனைகள் மின்னரிப்பில் கறுத்துவிடும். கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே மாட்டுங்கள். டெரிக் வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஆவதால் அதற்கு இந்த நோய் இல்லை. எந்த வகையானாலும் வெயிலில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள், மாதக்கணக்கில் எடுத்துவைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள், நடுநடுவே ஏற்றிவிடுங்கள். ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் சாதாரண ஏஏ செல்லில் ஓடும். எந்தத் தீவின் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் செல் அது. ஆனால் போட்டிருப்பது அல்கலைனா லித்தியமா என்று மெனுவில் சொல்லாவிட்டால் மீதம் காட்டும் அளவு பொய்யாக இருக்கும்.

டிரான்ஸ்மிட்டருக்குத் தனி செல். பல மாடல்களில் சிஆர்2, ஷியர்வாட்டர் ஸ்விஃப்ட்டில் சிஆர்123ஏ. அழுத்தம் ஏறியதும் அது விழிக்கும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ரெகுலேட்டரில் காற்றை வெளியேற்றாமல் விட்டால் மதியச் சாப்பாடு முடியும்வரை அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் அழுத்தத்துக்குப் பதில் கோடுகள் தெரிந்தால் உடனே செல்லைக் குறை சொல்லாதீர்கள். அருகில் கேமரா ஃப்ளாஷ் அடித்தாலும், கை டிரான்ஸ்மிட்டரைவிட்டு விலகினாலும் சிக்னல் அறுபடும்.

உதிரி செல்கள்

விமானத்தில் உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் அனுமதி இல்லை. அட்டையிலிருந்து பிரித்த செல்லின் இரு முகத்திலும் டேப் ஒட்டுங்கள். கழற்றிய பழைய செல்லுக்கும் அப்படியே. அதை மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

கருவியை ஓட்டச் சக்தி இல்லாத பழைய செல்லுக்கும் குழந்தையின் உணவுக்குழாயைச் சுடும் சக்தி உண்டு. இந்த அளவுச் செல் தொண்டையில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம், ஆரம்பத்தில் வெளியே அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.